காலம் இன்னொரு திசை அல்ல

"நீளம், அகலம், உயரம் என்று மூன்று. நான்காவது காலம். ஐன்ஸ்டீனுக்குப் பிறகு வெளிக்கும் காலத்துக்கும் வேறுபாடே கிடையாது." சார்பியல் பற்றிய மேடைப் பேச்சிலும் காணொளியிலும் இந்த வாக்கியமோ இதன் உறவுக்கார வாக்கியமோ வந்து விழாமல் இருப்பது அபூர்வம். 2014இல் 'இன்டர்ஸ்டெல்லார்' படம் வந்தபின் அது இன்னும் ஆழமாக வேர்விட்டுவிட்டது. படத்தின் இறுதியில் நாயகன் தன் மகளின் அறையைக் கணத்துக்கு ஒரு அறையாக, அடுக்கடுக்காகப் பார்க்கிறான். ஒரு கணத்திலிருந்து இன்னொரு கணத்துக்கு நீந்திப் போகிறான். அரங்கை விட்டு வெளியே வருகிறவர் மனத்தில் காலம் ஒரு நீண்ட தாழ்வாரமாகப் பதிந்துவிடுகிறது. அதில் நடக்க நமக்குத்தான் கால் இல்லை என்று எண்ணிக்கொள்கிறார்.

இதை நானும் சொல்லியிருக்கிறேன். கல்லூரியில் சார்பியல் நடத்தத் தொடங்கிய முதல் ஆண்டுகளில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சார், காலமும் ஒரு திசைன்னா, இடப்பக்கம் வலப்பக்கம் திரும்புற மாதிரி நேத்துப் பக்கம் ஏன் சார் திரும்ப முடியல?" நம் புலன்களுக்கு எட்டாத திசை அது என்று சொல்லி அவளை உட்காரவைத்தேன். தவறான பதில். சரியான பதில் அந்த நேரத்தில் கரும்பலகையிலேயே இருந்தது. நான் என் கையால் எழுதிய சமன்பாட்டில், ஒரு சிறு கோடாக.

அந்தக் கோட்டின் சார்பில்தான் இந்தக் கட்டுரை. சார்பியல் காலத்தை வெளிக்குள் கரைக்கவில்லை. இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை நியூட்டன் வைத்திருந்ததைவிட ஆழமான இடத்தில் கொண்டுபோய் நட்டது. சார்பியலின்மேல் எழுந்த புலக் கோட்பாடு, அதாவது மின்காந்தம் முதல் ஹிக்ஸ் துகள் வரை இன்று நாம் அறிந்த அடிப்படை இயற்பியல், முழுக்க முழுக்க அந்த வேறுபாட்டை நம்பி நிற்கிறது.

மயக்கம் தொடங்கிய இடம் தெரியும். 1905–06இல் ஆன்ரி புவான்காரே ஒரு கணக்கு வசதியைக் கண்டார். காலத்தை ஒளிவேகத்தாலும், கூடவே மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்தாலும் பெருக்கி எழுதினால், வெவ்வேறு வேகத்தில் போகிறவர்களின் அளவுகளை இணைக்கும் லோரன்ட்ஸ் உருமாற்றங்கள் நான்கு பரிமாண வெளியில் அச்சுகளைச் சுழற்றுவதுபோலவே காட்சி தரும். பின் 1908 செப்டம்பர் 21 அன்று கொலோன் நகரில் ஹெர்மன் மின்கோவ்ஸ்கி பேசினார்: வெளியையும் காலத்தையும் இனித் தனித்தனியே வைத்துப் பேச இடமில்லை, இரண்டின் சேர்க்கையைத்தான் பேச வேண்டும் என்ற பொருளில். நான்கு மாதம்கூட ஆகவில்லை, 44 வயதில் குடல்வால் அழற்சி அவரைக் கொண்டுபோய்விட்டது. அந்தப் பேச்சின் தொடக்க அறிவிப்பு உலகமெங்கும் பரவியது. பேச்சின் உடலாக இருந்த படங்கள், அதாவது அதிபரவளையமும், முன்னது பின்னது என்று இரண்டாகப் பிளந்த ஒளிக்கூம்பும், பரவவில்லை. சேர்க்கை என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை ஒன்றாகிப்போதல் என்று மொழிபெயர்த்துக்கொண்டார்கள். தறியில் ஊடும் பாவும் சேர்ந்தால்தான் துணி. அதற்காகப் பாவை ஊடு என்று எந்த நெசவாளரும் சொல்லமாட்டார்; பாவு ஏற்றிய பிறகுதான் ஊடு ஓடும்.

கணக்கையே பார்த்துவிடுவோம். ஓர் அறையின் மூலையிலிருந்து எதிர்மூலைக்குள்ள தொலைவு வேண்டுமென்றால் நீளம், அகலம், உயரம் மூன்றின் வர்க்கங்களைக் கூட்டுகிறோம். நீங்கள் எந்தப் பக்கம் திரும்பி நின்று அளந்தாலும் கூட்டுத்தொகை ஒன்றுதான். மின்கோவ்ஸ்கியின் வடிவியலிலும் எல்லாரும் ஒப்புக்கொள்ளும் அளவு ஒன்று உண்டு. ஆனால் அங்கே நான்கு வர்க்கங்களைக் கூட்டுவதில்லை. காலத்தின் வர்க்கத்திலிருந்து வெளியின் மூன்று வர்க்கங்களையும் கழிக்கிறோம். எந்த வேகத்தில் போகிறவர் அளந்தாலும் அந்தக் கழித்தலின் விடை மாறாது. அதைவிட முக்கியமானது, கழித்தல் என்ற செயலே மாறாது. ஒரு குறியில் மூன்று, எதிர்க்குறியில் ஒன்று என்ற எண்ணிக்கையை ஆயங்களை எப்படி மாற்றி எழுதினாலும் அழிக்க முடியாது. ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர் 1852இல் நிறுவிய தேற்றம் இது. புவான்காரேயின் வர்க்கமூலம் அந்தக் குறியை அழிக்கவில்லை, பாய்க்கு அடியில் தள்ளிவைத்தது. தலைமுறை தலைமுறையாகப் பாடநூல்கள் அப்படியே எழுதிவந்தன. 1973இல் மிஸ்னர், தார்ன், வீலர் மூவரும் தங்கள் ஈர்ப்பியல் நூலில் தனிக் கட்டம் கட்டி அந்த வழக்கத்துக்கு விடைகொடுத்தார்கள். ஐம்பது ஆண்டுகள் ஆகியும் நம் வகுப்பறைகள் சில அதை இன்னும் கேள்விப்படவில்லை.

ஒரு குச்சியைக் கிழக்கிலிருந்து வடக்குக்குத் திருப்பலாம், மேற்குக்குத் திருப்பலாம், முழு வட்டம் சுற்றிப் பழைய இடத்துக்கே கொண்டுவரலாம். கூட்டல் குறி வட்டத்தைத் தருகிறது. கழித்தல் குறி தருவது அதிபரவளையத்தை. அதன்மேல் எவ்வளவு தூரம் போனாலும் ஒரு சாய்கோட்டை நெருங்கலாமே தவிர, அதைத் தொட முடியாது. அந்தச் சாய்கோடுதான் ஒளி. ஜெனீவாவின் பெரும் மோதுவளையத்தில் புரோட்டான்களைத் தள்ளித் தள்ளி, ஒளியைவிட நொடிக்குச் சுமார் 3 மீட்டர் மட்டும் குறைந்த வேகத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அவ்வளவு தள்ளியும் அந்தப் புரோட்டானின் காலம் ஒளிக்கூம்புக்கு உள்ளேதான் நிற்கிறது. கூம்பின் சுவரைத் தாண்டி வெளித்திசையாக அது சாயவில்லை, சாயவும் போவதில்லை. அந்த மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: அம்மா, நேற்றுப் பக்கம் திரும்ப வேண்டுமானால் வழியில் இந்தச் சுவரைக் கடக்க வேண்டும். குறை உன் புலன்களில் இல்லை, வடிவியலே அப்படி அமைந்திருக்கிறது.

இதே குறிதான் நேர்கோட்டின் பொருளையும் தலைகீழாக்குகிறது. வெளியில் இரு புள்ளிகளுக்கு நடுவே நேர்வழி மிகக் குறுகியது, சுற்றுவழி நீண்டது. காலத்தில் நேர்வழிதான் மிக நீண்டது. சுற்றிவந்தவரின் கடிகாரம் குறைவாக ஓடியிருக்கும். ஓய்வில் இருக்கும் மியூவான் என்ற துகளின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோநொடி. 1970களில் செர்ன் ஆய்வகத்தில் ஒரு வளையத்துக்குள் அவற்றை வேகமாகச் சுற்றவிட்டபோது அவை சராசரியாக 64 மைக்ரோநொடி வாழ்ந்தன. கால அகற்சிக்குச் சான்றாக எல்லாரும் இதை எடுத்துக்காட்டுகிறார்கள், சரிதான். அது கழித்தல் குறிக்கும் சான்று என்பதை யாரும் சொல்வதில்லை. காலம் இன்னொரு வெளித்திசையாக இருந்திருந்தால் அந்த வளையத்து மியூவான் சீக்கிரம் செத்திருக்கும்.

அலகை வைத்து வாதிடுகிறவர்கள் உண்டு. 1983 முதல் மீட்டர் என்பதே ஒளி 1/299792458 நொடியில் கடக்கும் தூரம் என்று வரையறுக்கப்படுகிறது. தூரத்தையே நொடியால் அளக்கிறோம், ஆகவே இரண்டும் ஒன்று என்கிறார்கள். நம் மீனவர் கடலாழத்தைப் பாகத்திலும் கடல்தூரத்தை மைலிலும் சொல்வதுபோல, வெறும் அலகு வேறுபாடுதானாம். ஆனால் நங்கூரக் கயிற்றை ஆழத்திலிருந்து எடுத்துப் படகின் மேல்தளத்தில் கிடத்த முடியும்; அதே கயிறு, அதே நீளம். ஒரு நொடியை எடுத்து மேசைமேல் நீளமாகக் கிடத்திக் காட்டியவர் யாரும் இல்லை. 1983இன் வரையறை சொல்வது வேறொன்று. கடிகாரமும் ஒளியும் இருந்தால் தூரத்தை அளந்துவிடலாம். அளவுகோல்களை மட்டும் எத்தனை அடுக்கினாலும் ஒரு நொடிகூட அளக்க முடியாது. ஒருவழி உறவு அது.

எதிர்த்தரப்பு எப்போதும் ஐன்ஸ்டீனின் ஒரு கடிதத்தைக் கொண்டுவரும். நண்பர் மிக்கேலே பெஸ்ஸோ 1955 மார்ச்சில் இறந்தபோது அவர் குடும்பத்துக்கு எழுதியது. கடந்தது, நடப்பது, வருவது என்ற பிரிவினை விடாப்பிடியான ஒரு மயக்கமே என்று அதில் ஆறுதல் சொன்னார். இழவு வீட்டுக்கு எழுதிய கடிதம். எழுதியவரும் அடுத்த மாதம் போய்ச்சேர்ந்தார். அதை ஒரு தேற்றமாக எடுத்துக்கொள்வது அவருக்கும் நியாயமில்லை, துயரத்துக்கும் நியாயமில்லை. அவர் நிதானமாக, தத்துவ இதழுக்கென்று எழுதிய ஒன்று இருக்கிறது. பிரெஞ்சுத் தத்துவர் எமில் மேயர்சன் சார்பியல் பற்றி 1925இல் ஒரு நூல் வெளியிட்டார். காலத்தை வெளியாக்கிப் பேசும் வழக்கத்தை அதில் கண்டித்தார். 1928இல் அந்த நூலை மதிப்பிட்ட ஐன்ஸ்டீன், மேயர்சன் சொல்வது சரி என்று ஒப்புக்கொண்டார். வெளியும் காலமும் ஒரே தொடர்ச்சியில் இணைந்திருக்கின்றன, ஆனால் அந்தத் தொடர்ச்சி எல்லாத் திசையிலும் ஒரே தன்மை உடையதல்ல என்பதே அவர் நிலை. பிறரை மட்டுமல்ல, அறிவியலார் சிலரையும் சேர்த்தே அவர் குறை சொன்னார். இந்த மதிப்புரையை மேற்கோள் காட்டுவோர் அரிது. கடிதம் மட்டும் சுவரொட்டியாகிவிட்டது.

அடுத்து ஆண்ட்ரோமெடா. 'ஒரே கணம்' என்பது பார்ப்பவரைப் பொறுத்தது என்பது உண்மை. தெருவில் எதிரெதிராக நடந்து ஒருவரையொருவர் கடக்கும் இருவரை எண்ணிப் பாருங்கள். 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தில் 'இப்போது' என்று இருவரும் வரையும் கோடுகள் ஒன்பது நாள் அளவுக்கு விலகிவிடும். ஒருவருக்கு அங்கே நடந்து முடிந்தது, மற்றவருக்கு இனிமேல் நடக்கப்போவது. ஆகவே எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது, காலம் ஒரு வெட்டப்படாத ரொட்டி என்று முடிவு கட்டுகிறார்கள். ரீட்டைக் 1966இலும் ஹிலரி பட்னம் 1967இலும் இதை முறையான வாதமாகவே வைத்தார்கள். மறு ஆண்டே ஹோவர்ட் ஸ்டைன் மறுத்தார். அவர் மறுப்பின் சாரம் எளியது: அந்த 'இப்போது' கோட்டின் வழியே எதுவும் பயணிப்பதில்லை. அங்கே நடந்தது இந்த இருவரில் யாரையும் தொட 25 லட்சம் ஆண்டுகள் ஆகும். அந்தக் கோடு தாளில் நாம் போட்டது. சார்பியல் பார்ப்பவரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது, ஒன்றையொன்று தொட முடியாத நிகழ்வுகளின் வரிசையை மட்டும்தான். ஒன்று மற்றொன்றைத் தொட முடியுமானால் எது முன், எது பின் என்பதில் பிரபஞ்சத்தில் எந்தப் பார்வையாளரும் முரண்பட முடியாது. முதல் பாதியைச் சொல்லி இரண்டாம் பாதியை விழுங்குவதால் எழுந்த கோபுரம்தான் இந்த ரொட்டித் தத்துவம்.

இந்த முன்பின் உறவு எவ்வளவு வலிமையானது தெரியுமா? ஆல்ஃபிரட் ராப் 1914இலேயே, எது எதற்குப் பின் என்ற ஒரே உறவிலிருந்து மின்கோவ்ஸ்கியின் வடிவியல் முழுவதையும் எழுப்பிக் காட்டினார். 1964இல் கிறிஸ்டோபர் ஸீமன் அந்த உறவைக் காப்பாற்றும் உருமாற்றங்கள் எவை என்று கேட்டார். லோரன்ட்ஸ் உருமாற்றங்களும் இடப்பெயர்ச்சியும் அளவு மாற்றமும் தவிர வேறெதுவும் இல்லை என்று நிறுவினார். நீளங்களின் விகிதம், கோணம், நேர்கோடு எல்லாமே முன்பின் வரிசையிலிருந்து பிறக்கின்றன. ஒன்றில் மற்றொன்றைக் கரைத்தே தீர வேண்டுமென்றால், கரைய வேண்டியது வெளிதான்.

இனி புலக் கோட்பாடு. பொதுவெளியில் பேசப்படாத பகுதி இது. வழக்கு உண்மையில் தீர்ப்பாவது இங்கேதான்.

ஒரு புலத்தின் நிலையை ஒரே கணத்தில், வெளி முழுவதும் சொல்லுங்கள். அது மாறும் வேகத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அலைச் சமன்பாடு மீதிக் கதையைச் சொல்லிவிடும். தொடக்கத் தகவலில் சிறு பிழை இருந்தால் விடையிலும் சிறு பிழைதான் வரும். இப்போது காலமும் வெளியும் ஒன்றுதான் என்று நம்பி மாற்றிச் செய்யுங்கள். ஒரு சுவரின்மேல் புலம் எல்லாக் காலத்துக்கும் எப்படி இருந்தது என்று சொல்லிவிட்டு, சுவருக்கு வலப்பக்கம் என்ன என்று அதே சமன்பாட்டிடம் கேளுங்கள். கணக்கு உடைந்துபோகும். கண்ணுக்குத் தெரியாத பிழை கணக்கற்றுப் பெருகும். பல தகவல்களுக்கு விடையே இருக்காது. ழாக் அதமார் 1923இல் வெளியிட்ட விரிவுரைகளில் இந்த நோயை விரிவாக ஆராய்ந்தார். நான்கு குறிகளும் ஒன்றாக இருக்கும் உலகிலோ 'தொடக்கம்' என்ற கேள்விக்கே இடமில்லை. அங்கே எல்லையை நாலாபுறமும் கட்டிவிட்டால் உள்ளே இருப்பது உறைந்த ஒரு வடிவம். தமிழ் இலக்கணத்தில் பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்கும், வினைச்சொல் காலம் காட்டும். நான்கு கூட்டல் குறிகள் உள்ள உலகம் வினைச்சொல்லே இல்லாத மொழி.

அதற்குமேல் போவோம். ஆற்றலும் உந்தமும் ஒரே நால்திசையனின் கூறுகள். காலத்துக்கு ஆற்றல், வெளிக்கு உந்தம். காலம் வெளியைப் போன்றதுதான் என்றால் ஆற்றலும் உந்தத்தைப் போன்றதாக இருக்க வேண்டும். உந்தம் இடப்பக்கமும் இருக்கலாம், வலப்பக்கமும் இருக்கலாம். இயற்கைக்கு அதில் ஓரவஞ்சனை இல்லை. ஆற்றலோ அப்படியல்ல. அதற்கு ஒரு தரை உண்டு, வெற்றிடம் என்று நாம் அழைக்கும் கீழ்நிலை. தரை இல்லாவிட்டால் ஒவ்வோர் அணுவும் ஒளியை உமிழ்ந்துகொண்டே முடிவில்லாமல் கீழே விழும். பொருள் என்று எதுவும் நிலைக்காது. ஆர்தர் வைட்மன் புலக் கோட்பாட்டுக்கு வகுத்த அடிக்கோள்களில் இந்தத் தரையும் ஒன்று.

இந்தத் தரையை யார் அனுமதிக்கிறார்கள்? அந்தக் கழித்தல் குறிதான். அந்தக் குறியால்தான் ஒளிக்கூம்பு மேல்பாதி, கீழ்பாதி என்று ஒட்டாத இரு துண்டுகளாக இருக்கிறது. மேல்கூம்பில் உள்ள திசையனை எந்த வேகத்தில் போகிறவர் பார்த்தாலும் அது மேல்கூம்பில்தான் இருக்கும். ஆற்றல் நேர்மறை என்பதில் எல்லாரும் உடன்படுவார்கள். நான்கு குறிகளும் ஒன்றாக இருந்தால், ஒரு குச்சியைத் திருப்புவதுபோல நேர்மறை ஆற்றலை மெல்லத் திருப்பி எதிர்மறையாக்கிவிடலாம். பிறகு தரை எது, கூரை எது? வெளியும் காலமும் ஒன்றே என்று மேடையில் முழங்குகிறவர் நிற்கும் பலகை இடிந்து விழாமல் இருப்பதே அவை ஒன்றில்லை என்பதால்தான். வகுப்பில் இதை விளக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

எதிர்ப்பொருளின் கதையும் இங்கே பிறக்கிறது. டிராக் 1928இல் எழுதிய சமன்பாட்டிலிருந்து எதிர்மறை ஆற்றல் நிலைகள் தலைநீட்டின. 1932இல் கார்ல் ஆண்டர்சன் எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானைக் கண்டார். பாசிட்ரான் என்பது காலத்தில் பின்னோக்கிப் போகும் எலக்ட்ரான் என்று ஸ்டூக்கல்பெர்கும் ஃபைன்மனும் கணக்கெழுதியதைப் பிடித்துக்கொண்டு, பாருங்கள், காலத்தில் இருபக்கமும் போகலாம் என்கிறார்கள். ஆண்டர்சன் கண்ட பாசிட்ரான் நேர்மறை ஆற்றலோடுதான் வந்தது. எல்லாத் துகளையும்போல முன்னோக்கித்தான் போனது. அந்தக் கணக்கெழுத்தின் தேவை வேறு. குவாண்டம் புலத்தில், ஒளிகூட எட்ட முடியாத இரு புள்ளிகளுக்கு இடையிலும் துகளின் அலைவீச்சு கொஞ்சம் கசிகிறது. அத்தகைய புள்ளிகளுக்கு முன்பின் வரிசை பார்ப்பவரைப் பொறுத்தது என்று கண்டோம். ஒருவர் எலக்ட்ரான் இங்கிருந்து அங்கே போனது என்பார். இன்னொருவருக்கு அங்கே நடந்ததுதான் முதலில். அவர் கணக்கில் எதிர் மின்னூட்டம் கொண்ட ஒன்று அங்கிருந்து இங்கே வந்திருக்க வேண்டும். இரு பங்களிப்புகளும் மிகச் சரியாக ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால்தான், இங்கே செய்யும் அளவீடு ஒளிக்கு முந்தி அங்கே எதையும் தொடுவதில்லை. கூம்புக்கு வெளியே எதுவும் கடந்துவிடாதபடி காக்க இயற்கை கொடுத்த விலைதான் எதிர்ப்பொருள். பவுலி 1940இல் சுழற்சிக்கும் புள்ளியியலுக்கும் உள்ள உறவை நிறுவியபோதும் இந்தக் காவலையும் அந்த ஆற்றல் தரையையுமே தூண்களாக வைத்தார். பாசிட்ரானைக் காட்டிக் காலமும் வெளியும் ஒன்று என்பது, பூட்டைக் காட்டிக் கதவே இல்லை என்பது போன்றது.

வெளியையும் காலத்தையும் உண்மையிலேயே இடம் மாற்றிப் பார்த்தால்தான் என்ன ஆகும்? இது நியாயமான கேள்வி. வெளிக்கு ஒரே பரிமாணம் உள்ள உலகில், நிறையற்ற அலைக்குக் காலத்தையும் வெளியையும் மாற்றி எழுதினால் சமன்பாடு அப்படியே இருக்கும். இந்த அழகை நான் மறுக்கவில்லை. நிறை உள்ள புலத்துக்கு அதையே செய்தால் நிறையின் வர்க்கம் குறிமாறி எதிர்மறை ஆகிவிடும். அதாவது டேக்கியான், ஒளியை மிஞ்சும் துகள் என்று கற்பனை செய்யப்பட்டது. அதை முதலில் முறையாக ஆராய்ந்த 1962ஆம் ஆண்டுக் கட்டுரையின் மூவரில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்த இ.சி.ஜி. சுதர்சன். புலக் கோட்பாடு அந்தத் துகளை என்ன செய்தது? எதிர்மறை நிறைவர்க்கம் கொண்ட புலத்திலும் செய்தி ஒளியை மிஞ்சுவதில்லை. மாறாக, அந்தப் புலம் நின்ற இடத்தில் நிற்காமல் காலத்தில் மளமளவென்று வளர்ந்து வேறொரு நிலையில் போய் விழுகிறது. ஹிக்ஸ் புலம் அப்படி விழுந்து நின்றதால்தான் எலக்ட்ரானுக்கு நிறை வந்தது. 2012இல் செர்ன் கண்டது அந்தப் புலத்தின் அதிர்வை. ஆக, காலத்தையும் வெளியையும் மாற்றிப்போட்ட கணக்கு நமக்குக் கையளித்தது ஒரு நிலைகுலைவை. மூன்று வெளிப் பரிமாணங்கள் கொண்ட நம் உலகிலோ அந்த மாற்று முதல் அடியிலேயே சறுக்குகிறது: ஒரு வெளியும் மூன்று காலமும் மிஞ்சும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை மறைப்பது நேர்மையல்ல. 1954இல் ஜான் கார்லோ விக் காட்டிய வழியில், கணக்கில் காலத்தைக் கற்பனை எண்ணாக்கிவிட்டால் கழித்தல் குறி மறைந்து நான்கும் சமமாகிவிடும். கென்னத் வில்சன் 1974இல் அமைத்த, வெளிகாலத்தைப் புள்ளிக் கட்டமாக எழுதிக் கணிக்கும் அணிக்கோவை முறை அந்த நான்கு சமத் திசைகளில்தான் இயங்குகிறது. 2008இல் புரோட்டானின் நிறையைச் சில விழுக்காட்டுக்குள் கணித்ததும் அப்படித்தான். இன்னும் அழகான ஒன்று: சூடான பெட்டிக்குள் இருக்கும் ஒளியின் அழுத்தமும், வெற்றிடத்தில் இரு உலோகத் தகடுகள் ஒன்றையொன்று இழுப்பதாக 1948இல் காசிமிர் சொன்ன விசையும் ஒரே கணக்கின் இரு முகங்கள். கற்பனைக் காலத்தின் சுற்றளவையும் தகடுகளின் இடைவெளியில் இருமடங்கையும் இடம் மாற்றினால் ஒன்றிலிருந்து மற்றொன்று கிடைக்கும். இதுதான் உண்மையான இருமை. இதை முதலில் கண்ட நாளில் எனக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

ஆனால் அது எங்கே செல்லுபடியாகிறது என்று கவனியுங்கள். வெப்பச் சமநிலையில், கீழ்நிலை வெற்றிடத்தில், அதாவது ஒன்றும் நடக்காத இடத்தில். காலத்துக்கு வேலை இல்லாத இடத்தில் அதை வெளியாக எழுதலாம் என்பதில் வியப்பென்ன? அங்கிருந்து நடப்புலகுக்குத் திரும்ப ஒரு பாலம் உண்டு. அதை 1973இல் ஆஸ்டர்வால்டரும் ஷ்ரேடரும் கட்டினார்கள். அந்தப் பாலத்தின் முக்கிய நிபந்தனை, நான்கில் ஒரு திசையைத் தேர்ந்து, அதில் கண்ணாடிபோல் பிரதிபலித்தால் வரும் அளவுகள் எதிர்மறை ஆகாமல் இருக்க வேண்டும் என்பது. எந்தத் திசையையும் தேரலாம். தேராமல் மட்டும் கடக்க முடியாது. கனமான அணுக்கருக்கள் மோதி உருகி ஓடும் திரவத்தின் பாகுத்தன்மையைக் கணிக்க வேண்டுமென்றால், மெய்யாகவே நிகழும் ஒன்றைக் கணிக்க வேண்டுமென்றால், அதே அணிக்கோவை முறை திணறுகிறது. எண்கள் கூட்டலும் கழித்தலுமாக மாறிமாறி வந்து ஒன்றையொன்று விழுங்குகின்றன. பாய்க்கு அடியில் தள்ளிய குறி திரும்பி வந்து கடனைக் கேட்கிறது. ஹார்ட்டிலும் ஹாக்கிங்கும் 1983இல் பிரபஞ்சத்தின் தொடக்கத்துக்கே கற்பனைக் காலத்தை முன்மொழிந்தார்கள். அது துணிச்சலான கருதுகோள், நிறுவப்பட்ட உண்மை அல்ல.

இன்னொரு மறுப்பு வரும்: சமன்பாடுகள் காலத்தில் முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இயங்குகின்றன, காலத்துக்கு முகம் கொடுப்பது என்ட்ரோபி மட்டுமே, ஆகவே வேறுபாடு அடிப்படையானதல்ல. இரண்டு கேள்விகளை ஒன்றாக்கும் பிழை இது. தெருவின் எந்த முனை போக, எந்த முனை வர என்பது ஒரு கேள்வி. அது தெருவா மைதானமா என்பது வேறு கேள்வி. ஒருவழிப் பாதை என்ற பலகை இல்லாததால் தெரு மைதானம் ஆகிவிடாது. காலம் 'ஓடுகிறதா' என்ற தத்துவ வழக்கையும் நான் இங்கே எடுக்கவில்லை.

கடைசியாக, கருந்துளை. அதன் எல்லையைத் தாண்டியதும் காலமும் வெளியும் இடம் மாறிக்கொள்கின்றன என்ற வாக்கியம் இப்போது பள்ளிப் பிள்ளைகளின் நாக்கிலும் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட ஆயமுறையில் எழுதினால், எல்லைக்கு வெளியே காலம் என்று பெயரிட்ட எழுத்து உள்ளே வெளியின் குறியைப் பெறுகிறது, ஆரம் என்று பெயரிட்ட எழுத்து காலத்தின் குறியைப் பெறுகிறது. மாறியது பெயர்ப்பலகை. மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கு உள்ளேயும் மூன்றுக்கு ஒன்றுதான். எல்லையில் எதுவும் உடைவதில்லை என்பதை லெமைத்ர் 1930களிலேயே காட்டிவிட்டார்.

நம் பால்வீதியின் நடுவில் சூரியனைப்போல் சுமார் 43 லட்சம் மடங்கு நிறையுள்ள கருந்துளை ஒன்று இருக்கிறது. அது சுழலவில்லை என்று வைத்துக்கொண்டு, அதற்குள் ஒருவர் விழுகிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். எல்லையைத் தாண்டியபின் மையத்தை அடைய அவருக்கு அதிகபட்சம் ஒரு நிமிடமும் சில நொடிகளும்தான் கிடைக்கும். ராக்கெட்டை எந்தப் பக்கம் திருப்பி எவ்வளவு எரித்தாலும் அந்த வரம்பைக் கடக்க முடியாது. காலத்தில் நேர்வழியே நீண்ட வழி. முறுக்கிப் பார்க்கும் எந்தப் பாதையும் அதைவிட நீளாது. மையம் அவருக்கு முன்னால் ஓர் இடமாக இல்லை, அவருடைய அடுத்த நிமிடமாக இருக்கிறது. அந்த நிமிடம் முழுக்க அவர் மணிக்கட்டில் உள்ள கடிகாரம் நொடிகளைத்தான் எண்ணும், சட்டைப்பையில் உள்ள அளவுகோல் சென்டிமீட்டரைத்தான் காட்டும்.